இரண்டு விரல் இடைவெளி

போலோ குதிரை ஒன்றின் மேல் ஆட்டத்தன்று ஏறும் சாமான்களை எண்ணிப் பாருங்கள். வாயில் இரும்பு. அந்த இரும்பிலிருந்து ஆட்டக்காரரின் கைக்கு வரும் வார்கள் இரண்டு சோடி. மூக்கைச் சுற்றி ஒரு பட்டை. அந்தப் பட்டையிலிருந்து கிளம்பி முன்னங்கால்களுக்கு நடுவே போய் வயிற்று வாரில் முடியும் இன்னொரு வார். இதற்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். மார்பின் குறுக்கே ஒன்று. முதுகில் சேணம். சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்று வார், அது அறுந்துபோனால் உதவட்டும் என்று சேணத்துக்கு மேலேயே சுற்றிக் கட்டும் இரண்டாவது வார். நான்கு கால்களிலும் பேண்டேஜ், அதற்கு மேல் தடித்த பூட்ஸ். குளம்பில் லாடம். பிடரி மயிரை ஒட்ட மழித்திருப்பார்கள். வாலைப் பின்னி, மடித்து, டேப் சுற்றிக் கட்டியிருப்பார்கள்.

மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஹெல்மெட், சிலருக்கு முகத்தை மறைக்கும் கம்பி, முழங்காலுக்குத் தோல் காப்பு, நீளமான பூட்ஸ், கையுறை, குதிமுள், சாட்டை, மாலட்.

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு கோடு போட்டு இன்னொரு பத்தி சேர்க்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. இந்தப் பொருள் யாரைப் பாதுகாக்கிறது? எதிலிருந்து? போலோ பட்டியலுக்கு அந்தப் பத்தியை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி எனக்குத் தோன்றியது. குதிரை மேல் இருக்கிற எல்லாமே குதிரைக்கானது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நம்மில் பெரும்பாலோருக்குப் போலோ என்றால் காலர் வைத்த டி-சட்டை. கொஞ்சம் வயசானவர்களுக்கு நடுவில் ஓட்டை போட்ட மிட்டாய். ஆனால் ஆட்டம் நமக்கு ரொம்ப தூரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சிங்கப்பூர் போலோ கிளப் 1886இல் தொடங்கியது, சிலாங்கூர் கிளப் 1902இல். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்திலிருந்து காரில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் குதிரைச் சாணம் மணக்கும் இடத்துக்குப் போய்விடலாம். எனக்கு அந்த மணம் சின்ன வயதிலேயே பழக்கம். என் சித்தப்பா இருபது வருசத்துக்கு மேல் ஒரு லாயத்தில் குதிரைக்காரராக வேலை பார்த்தவர். தோட்டத்து லயத்தில் பிறந்து குதிரை லாயத்தில் வேலைக்குப் போனவர். ஒரு துணைக்கால்தான் எனக்கு சம்பளத்துல கூட என்று அவரே சொல்லிச் சிரிப்பார். போலோ பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கேட்டது, மீதி படித்தது.

ஆட்டத்தின் ஆபத்தைச் சொன்னால்தான் சாமான்கள் புரியும். பக்கத்துக்கு நான்கு பேர். மைதானம் 300 கெஜம் நீளம். சக்கா என்று சொல்லும் ஒரு சுற்று ஏழு நிமிடம். நானூறு ஐநூறு கிலோ எடையுள்ள எட்டு மிருகங்கள் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்று திரும்ப வேண்டும். நான்கடிக்கு மேல் நீளமுள்ள எட்டு மாலட்டுகள் காற்றில் சுழல்கின்றன. பந்து கெட்டிப் பிளாஸ்டிக். தோளோடு தோள் மோதி எதிராளியின் குதிரையைப் பாதையிலிருந்து தள்ளிவிடுவது தப்பில்லை, அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி. ஒரு குதிரை ஒரு சக்காவுக்கு மேல் தாங்காது. அதனால் ஒவ்வொரு சக்காவுக்கும் குதிரை மாறும், ஆள் மாறமாட்டார்.

இங்கே போலோ விதிகளைப் பாராட்டியே ஆகவேண்டும். எங்கள் துறையில் ஆபத்தைக் குறைக்க ஒரு வரிசை சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்று, பிறகு தடுப்பு வை, பிறகு விதி போடு, கடைசியாகத்தான் ஹெல்மெட்டும் கையுறையும். போலோவில் இடது கையால் ஆட அனுமதி இல்லை. நேருக்கு நேர் வரும் இரண்டு பேரும் வலது கைக்காரர்களாக இருந்தால் பந்து இருவருக்கும் அவரவர் வலப்பக்கம் இருக்கும், குதிரைகள் மோதாமல் விலகிப் போகலாம். ஒருவர் இடது கைக்காரராக இருந்தால் இரண்டு குதிரையும் ஒரே கோட்டில் வரும். பந்து போகும் கோட்டை யார் முதலில் பிடித்தாரோ அவர் பாதையை யாரும் வெட்டக்கூடாது என்பதும் இதே மாதிரி விதிதான். குதிரையும் மனிதனும் ஒன்றாகத்தான் விழுவார்கள் என்பதால் இந்த விதிகள் இருவரையும் சேர்த்தே காப்பாற்றுகின்றன. கால் பேண்டேஜிலிருந்துதான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது.

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. தோல், தசைநாண், எலும்பு, அவ்வளவுதான். அங்கே ஒரு மாலட் அடி விழுந்தால் அந்தக் குதிரையின் கதை முடியக்கூடும். அதனால் பேண்டேஜ். குதிரையைக் காப்பாற்றுகிறது, சந்தேகமே இல்லை. எதிலிருந்து? மாலட்டிலிருந்தும் பந்திலிருந்தும் பக்கத்துக் குதிரையின் லாடத்திலிருந்தும். அதாவது எங்களிடமிருந்து. இப்படிச் சொன்னால் உடனே பேண்டேஜ் சுற்றுகிறவன் பாசாங்குக்காரன் என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றும் அப்பாவும் தான் உண்டாக்கிய ஆபத்துக்குத்தான் ஹெல்மெட் மாட்டிவிடுகிறார். அவர் அன்பு பொய்யா?

இந்தக் காப்பு ஐரோப்பியர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. இன்றைய போலோ மணிப்பூரிலிருந்து கிளம்பியது. சகோல் காங்ஜெய் என்று அங்கே பெயர், பக்கத்துக்கு ஏழு பேர். கச்சார் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மணிப்பூரிகளிடம் கற்றுக்கொண்டு 1859இல் சில்சாரில் கிளப் வைத்தார்கள், 1862இல் கல்கத்தாவுக்குப் போனது, அங்கிருந்து உலகத்துக்கு. மணிப்பூர் மட்டக்குதிரைகளின் உடம்பில் பஞ்சுக் குஞ்சங்கள் தொங்கும். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனால் அடிபடக்கூடிய இடங்களுக்கு அவைதான் காப்பு. கிளப்புகள் எல்லாவற்றுக்கும் முன்பே, குதிரையைத் தெய்வத்தோடு சேர்த்துவைத்திருந்த ஊரிலும், ஆடப் போகும் முன் குதிரைக்கு அடிபடும் என்று தெரிந்தே பஞ்சு கட்டியிருக்கிறார்கள்.

மாலட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் தண்டு பிரம்பு. நல்ல மாலட்டுக்கு மானாவ் பிரம்புதான் வேண்டும் என்பார்கள். அது நம் பக்கத்துக் காடுகளில், சுமத்ராவிலும் தீபகற்பத்திலும், வளர்வது. நம் தலைமுறையில் பள்ளியில் ரோத்தான் வாங்காதவர்கள் குறைவு, அதனால் பிரம்பு என்றதும் கை தானாகப் பின்னால் போகிறது. இங்கே அது பந்தைத்தான் அடிக்கிறது. வளைந்து நிமிரும் அந்தக் குணத்துக்காக அர்ஜென்டினாக்காரர்கள்கூட நம் காட்டுப் பிரம்பைத் தேடி வாங்குகிறார்கள். இதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

வாய்க்கு வருவோம். ஆட்டக்காரருக்கு வலது கை மாலட்டுக்குப் போய்விடுகிறது. நான்கு வாரும் சாட்டையும் இடது கையில். ஒரே கையால், ஓட்டத்தின் நடுவில், ஐநூறு கிலோவை நிறுத்தித் திருப்ப வேண்டும். அதனால் வாயில் இருக்கும் இரும்பு நெம்புகோலாக இருக்கிறது. பெல்ஹம் என்று ஒரு வகை. வாயின் இரண்டு பக்கமும் கம்பி கீழே நீண்டிருக்கும், மேல்முனையில் மாட்டிய சங்கிலி தாடைக்கு அடியில் போகும். கம்பியின் கீழ்ப்பாகம் 9 சென்டிமீட்டர், மேல்பாகம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவம் நான்கில் படித்த கணக்குதான். வாரில் ஒரு கிலோ இழுத்தால் சங்கிலி மூன்று கிலோவாகத் தாடையை இறுக்கும், வாய்க்குள் இருக்கும் இரும்பு நான்கு கிலோவாக அழுத்தும். இழுப்பவருக்கு ஒரு கிலோதான் தெரியும். இன்னொரு வகை, இழுத்தால் வாய் ஓரத்தில் மேலே ஏறும், அதே நேரம் உச்சந்தலையைக் கீழே அழுத்தும். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் கேக் என்று வந்து பிறந்தநாள் ஞாபகம் வருகிறது. அந்தச் சொல்லுக்கு வாயடைப்பு என்று பொருள்.

குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. இரும்பு அங்கேதான் உட்காருகிறது. அந்த இடத்தில் ஈறு மெல்லியது, அடியில் உடனே எலும்பு. இயற்கையே கடிவாளத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது என்று குதிரைக்காரர்கள் சொல்வதுண்டு. பக்கத்தில் மூக்கணாங்கயிறுக்குத் துளை குத்தித்தான் ஆகவேண்டியிருக்கும் மாட்டை நினைத்தால் அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். இடம் இருந்தால் இயற்கை விட்டது, இல்லாவிட்டால் நாம் குத்திக்கொள்வோம்.

கிரேக்க எழுத்தாளர் செனபோன் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். அதில் வரும் இரண்டு விஷயங்களை ஒரே மனிதர் எழுதினாரா என்று எனக்கு ஆச்சரியம். குதிரைக்காரனிடம் வழவழப்பானது ஒன்றும் முள் வைத்த முரடானது ஒன்றுமாக இரண்டு கடிவாளமாவது இருக்கவேண்டும் என்கிறார். முரட்டுக் கடிவாளத்தை அனுபவித்த குதிரை பிறகு வழவழப்பானதை விரும்பும் என்பது அவர் கணக்கு. இன்னொரு இடத்தில், கட்டாயத்தில் செய்வதில் அழகு இருக்காது, நடனக்காரனைச் சாட்டையால் அடித்து ஆடவைப்பது போலத்தான் அது என்கிறார். இரண்டையும் அவர் முழு மனசோடுதான் எழுதியிருக்கிறார். குதிரையோடு பழகுகிற பலரும் இன்றைக்கும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். சித்தப்பாவும்.

மார்ட்டிங்கேலைக் குதிரையின் சாமான் என்றுதான் எல்லாப் பட்டியலிலும் போடுகிறார்கள். நான் போட்ட பத்தியில் அது மனிதனுக்குப் போனது. வாய் வலித்தால் குதிரை தலையை மேலே எறியும். எறிந்தால் முன்னால் குனிந்திருக்கும் ஆட்டக்காரரின் மூக்கு உடையும். தலையை ஓர் உயரத்துக்கு மேல் போகவிடாமல் அந்த வார் பிடித்துக்கொள்கிறது. வலியால் வரும் அசைவிலிருந்து, வலியை உண்டாக்குபவரைக் காக்கும் வார்.

மூக்குப் பட்டையைப் பற்றி எனக்குச் சரியாகப் புரியவில்லை. சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் இப்போது வேலையை விட்டுவிட்டார், முட்டி வலி.

"அது எதுக்கு சித்தப்பா? மார்ட்டிங்கேல மாட்டுறதுக்கு மட்டுமா?"

"அதுக்கும்தான். முக்கியமா வாயத் தொறக்காம இருக்கத்தான் அது. வாயத் தொறந்துச்சுன்னா நாக்கத் தூக்கி இரும்புக்கு மேல போட்டுக்கும்டா. அப்பறம் நீ என்ன இழுத்தாலும் ஒன்னும் நடக்காது. நேரா ஓடும்."

"ஏன் வாயத் தொறக்குது?"

"வலிச்சா தொறக்காதா? ஒனக்குப் பல்லு டாக்டர் வாய்க்குள்ள கைய வுட்டா நீ என்ன பண்ணுவ?"

"அப்ப வாயக் கட்டிட்டா வலிக்குதுன்னு எப்பிடித் தெரியும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு வெரலு போவணும்டா. மூக்கு எலும்புக்கும் பட்டைக்கும் நடுவுல. அதான் கணக்கு. எனக்குச் சொல்லிக்குடுத்த பெரியவரு அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாரு" என்றார். அவர்கள் எப்போதும் இரண்டு விரல் விட்டுத்தான் கட்டினார்களா என்று நான் கேட்டதற்கு, "மேட்ச் அன்னைக்கு அவங்க வந்து பாப்பாங்க. இன்னும் ஒரு ஓட்ட தள்ளிப் போடுன்னா போடணும்" என்றார்.

இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தொழிற்சாலையில் ஒரு பம்ப்பின் அதிர்வு விநாடிக்கு 7.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் நாங்கள் நிறுத்திப் பார்ப்போம். இயந்திரத்துக்கு வாயில்லை. அதிர்வும் சூடும் சத்தமும்தான் அது பேசுகிற பேச்சு. அதைக் கேட்கத்தான் சென்சார் வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம். அலாரத்தை முடக்க வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்பி, காரணம் எழுதி, இரண்டு பேர் கையெழுத்து வாங்கி, எத்தனை மணி நேரத்துக்கு என்று குறித்த பிறகே முடக்கலாம். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் ஒரு பஸ்ஸர் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது என்று இரவு ஷிப்டில் அதன் மேல் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. தூக்கம் கெடுகிறது, உற்பத்தி நிற்கக்கூடாது, கத்தலுக்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கை. டேப்பைப் பார்த்த எங்கள் மேலாளர் கத்திய கத்தல் பஸ்ஸரைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது குதிரையைத் திரும்பப் பாருங்கள். வாயைத் திறப்பது ஓர் அலாரம், பட்டை அதை மூடுகிறது. தலையை எறிவது ஓர் அலாரம், மார்ட்டிங்கேல் பிடித்துக்கொள்கிறது. எரிச்சல் வந்தால் குதிரை வாலைச் சுழற்றி அடிக்கும், வால் டேப்பில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. வால் மாலட்டில் சிக்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. தலை எறிந்தால் மூக்கு உடையும். நாக்கு மேலே போனால் எட்டுக் குதிரைகளுக்கு நடுவே ஒரு குதிரை பிடி இல்லாமல் ஓடும். இதில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்துத் தப்பு என்று சொல்ல என்னால் முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து மாட்டிய பிறகு அங்கே நிற்பது, என்ன நடந்தாலும் நடக்கவில்லை என்றே தோற்றமளிக்கக்கூடிய ஒரு பிராணி. பாதுகாப்பின் பெயரால் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

போலோ சங்கங்களுக்கும் இந்தக் கவலை கொஞ்சம் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கூர்மையான குதிமுள்ளுக்குத் தடை இருக்கிறது. குதிரையின் பார்வையை மறைக்கும் கண்பட்டைக்கும் தடை. பார்வை மறைந்தால் மோதும் என்று தெரிகிறது, ஆகவே கண்ணைத் திறந்து வைத்தார்கள். வாய் மூடியிருந்தால் யாரும் மோதுவதில்லை.

போலோக் குதிரைக்கு ஆட்டம் பிடிக்கும் என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். பந்து போகும் திசையில் சொல்லாமலே திரும்பும், ஆட்டத்தன்று காது நிமிர்ந்திருக்கும், சில குதிரைகள் எதிராளியைத் தோளால் தள்ளத் தானே போகும். சித்தப்பாவும் சத்தியம் செய்கிறார். நான் இதை முழுக்க மறுக்கமாட்டேன். ஓடுவது குதிரையின் உடம்பில் இருக்கிறது, கூட்டமாக ஓடுவது இன்னும் அதிகமாக. எனக்கு உறுத்துவது வேறு. பிடிக்கிறது என்பதற்கான அடையாளங்களைப் படிக்கக் காதை விட்டுவைத்திருக்கிறோம், பிடிக்கவில்லை என்பதற்கான அடையாளங்களைக் கட்டிவைத்திருக்கிறோம். இப்படி எடுக்கும் அளவீட்டை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார். ஆம் என்று மட்டும் காட்டக்கூடிய மீட்டர் ஆம் என்று காட்டினால் அதில் என்ன தகவல் இருக்கிறது?

அடுத்த பதில், குதிரையை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் பார் என்பது. உண்மைதான். ஆட்டம் முடிந்ததும் காலுக்கு ஐஸ், களிமண் பூச்சு, புது பேண்டேஜ், அளந்து வைத்த தீனி, மாதா மாதம் லாடக்காரர். எங்கள் வீட்டில் யாருக்கும் இவ்வளவு மருத்துவ கவனிப்பு கிடைத்ததில்லை. ஆனால் நானும் என் பம்ப்புகளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். கிரீஸ் வைக்கிறேன், பேரிங் சத்தம் கேட்கிறேன், எண்ணெய் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறேன். அதற்குப் பெயர் பராமரிப்பு. பராமரிப்புக்கும் அக்கறைக்கும் வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் செய்யும் வேலை ஒன்றேதான். 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் ஓர் அணியின் 21 குதிரைகள் ஆட்டத்துக்கு முன் அடுத்தடுத்து விழுந்து இறந்தன. சத்துக்காகக் கொடுத்த ஊசி மருந்தில் செலினியம் அளவு மீறிக் கலந்திருந்தது. அந்த ஊசி கொடுமைப்படுத்தப் போட்டதில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரு பகுதி. நன்றாக என்றால், அன்றைய ஆட்டத்துக்கு நன்றாக.

காண்ட் இந்த இடத்தில் ஒரு விசித்திரமான பதில் வைத்திருக்கிறார். நீண்ட நாள் உழைத்த கிழட்டுக் குதிரைக்கு, வீட்டில் ஒருவரைப் போல நினைத்து, நன்றி காட்டுவது நம் கடமையோடு சேர்ந்ததுதான். ஆனால் அந்தக் கடமை குதிரைக்கு நேராகப் பட்டது இல்லை, மனிதன் தனக்குத்தானே பட்டிருக்கும் கடமை என்கிறார். குதிரையிடம் முரடாக இருப்பவனின் மனம் மரத்துப்போகும், நாளை மனிதரிடமும் அப்படித்தான் இருப்பான், அதனால். பல்கலைக்கழகத்தில் கட்டாயப் பாடமாக எடுத்த ஒழுக்கவியல் வகுப்பில் இதைக் கேட்டபோது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இப்போது படித்தால் குதிரையைச் சுற்றிப் போய் மறுபடி கண்ணாடி முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. நான்கு கிலோ அழுத்தம் விழுவது என் குணத்தின் மேல் இல்லையே, ஈறின் மேல்தானே?

இன்னொரு முனையில் அர்ஜென்டினா இருக்கிறது. உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் அடால்ஃபோ காம்பியாசோ, தன்னுடைய குவார்த்தெதேரா என்ற பெண்குதிரையைப் படியாக்கம் செய்தார். 2016 பலெர்மோ ஓப்பனில் அதன் ஆறு படிகள் மேல் ஏறி ஆடி ஜெயித்தார். படிகளுக்கு B01, B02 என்று வரிசை எண். எங்கள் ஆலையில் பம்ப்புகளுக்கு ஒட்டியிருக்கும் எண்களும் ஏறத்தாழ இப்படியே இருக்கும், ஒன்று பழுதானால் மற்றது ஓட. காம்பியாசோ அந்தக் குதிரையை நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நேசிக்காமல் யாரும் இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள். அவர் விட்டுக்கொடுக்க மறுத்தது குவார்த்தெதேராவையா, அது ஓடிய விதத்தையா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. B04க்கு வாயில் இரும்பு எப்படி இருக்கிறது என்பது B04க்குத்தான் தெரியும். அதில் படி எடுக்க முடியாது.

இந்தப் பட்டியலில் இரண்டு தலைப்புகள்தான் இருக்கின்றன, ஆட்டக்காரர், குதிரை. எந்தப் புத்தகத்திலும் மூன்றாவது தலைப்பைப் பார்த்ததில்லை. குதிரைக்காரரின் சாமான் என்ன? சித்தப்பா காலையில் ஒரு குதிரை மேல் ஏறி, இரண்டு பக்கமும் இரண்டு இரண்டாகக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஐந்து குதிரைகளை ஓட்டப் பயிற்சிக்குக் கொண்டு போவார். தலையில் துணித் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். ஹெல்மெட் ஆட்டத்துக்குத்தான். ஒரு குதிரை மிதித்துக் கால் பெருவிரல் நகம் போனது, திரும்ப முளைக்கவில்லை. எங்கள் ஆலையில் இரும்பு மூக்கு வைத்த காலணி போடாமல் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது, 1994 சட்டம் இருக்கிறது. அந்த லாயத்துக்கும் அதே சட்டம்தான். குதிரையின் கால்களுக்கு நான்கு சோடிப் பட்டை சுற்றியவரின் காலில் ரப்பர் பூட்ஸ் இருந்ததை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை, சித்தப்பாவும் நினைக்கவில்லை. அவர் அதைச் சொன்னது புகாராக இல்லை, நகம் இல்லாத விரலை எனக்கு வேடிக்கை காட்டினார், அவ்வளவுதான்.

போலோவை நிறுத்தவேண்டும் என்று எழுத நான் உட்காரவில்லை. நிறுத்தினால் அந்தக் குதிரைகள் எங்கே போகும் என்று யோசித்தாலே அந்த வாதம் சிக்கலாகிறது. மணிப்பூரில் ஆட்டம் குறையக் குறைய மட்டக்குதிரை இனமே அழியும் நிலைக்கு வந்து, 2016இல் அதைக் காக்க அரசு தனியாகக் கொள்கை வகுக்கவேண்டியிருந்தது. நான் கேட்பது சின்னது. அலாரத்தை விட்டுவையுங்கள். வால் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வாயையாவது விடுங்கள். வாய் திறக்கும் குதிரை அந்தச் சக்காவில் மெதுவாக ஆடும், கோல் போகும், சிலசமயம் குதிரையை மாற்றவேண்டி வரும். போகட்டும். அலாரம் அடித்தால் எங்களுக்கும் உற்பத்தி போகத்தான் செய்கிறது.

குதிரைத் தாண்டல், டிரெஸ்ஸாஜ் போட்டிகளை நடத்தும் உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2025இல் மூக்குப் பட்டையின் இறுக்கத்தை அளக்க ஒரே மாதிரியான ஒரு கருவியைக் கொண்டுவந்தது. இரண்டு விரல் என்றால் யாருடைய விரல் என்ற சண்டை இருந்ததால்தான். போலோ அவர்கள் கீழ் வராது. சித்தப்பாவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். தன் விரல்களை என் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய இரண்டு, என்னுடைய மூன்று.

"நல்லதுதான். யாரு அளப்பா?"

ஒரு நடுவர் அளப்பார் என்றேன். எங்கள் ஆலையில் யார் வேண்டுமானாலும், துப்புரவு செய்கிற அம்மாகூட, ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தச் சொல்லலாம், அதற்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள் என்று என் அட்டையையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குதிரைக்காரன் சொல்லி எவன்டா நிறுத்துவான்? குதிர வேணாங்குதுன்னு போயி சொன்னா சிரிப்பானுங்க." பிறகு, "நான் ஒருவாட்டி நிறுத்தியிருக்கேன்" என்றார்.

ஒரு பெட்டைக் குதிரை. மூன்றாவது சக்காவுக்குச் சேணம் கட்டும்போது தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றதாம். காலில் நொண்டல் இல்லை, சூடு இல்லை, எதுவும் இல்லை. இருபது வருசம் பார்த்த கண்ணுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. அதைச் சொல்ல முடியாது. போய், பின்னங்கால் லாடம் ஆடுகிறது என்று சொன்னார். உடனே வேறு குதிரையைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"லாடக்காரரு வந்து பாத்தாரு. லாடம் கல்லு மாரி இருக்கு. என்னையப் பாத்தாரு, குதிரையப் பாத்தாரு. ஒன்னும் சொல்லல. சும்மா ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிட்டாரு."